ஊசிப்பாறைச் சாவடியின் ஒற்றை ஓட்டு

"நான் திரும்பி வந்துட்டனுங்க மேடம். இனிமே அந்தப் பேச்சே வேண்டாம்."

அம்சவேணி இதை உட்காராமலே சொன்னாள். தோளில் பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக அரசியல் அறிவியல் துறைக்கு வந்திருந்தாள்.

பேராசிரியர் ரூபாவதி விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஒரு வார முகாம் ஆச்சே?"

"மூணாம் நாளே கிளம்பிட்டேன்."

பி.ஏ. கடைசி வருடம் படிக்கிற பிள்ளைகளைப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று கூப்பிட்டு, முனைவர் பட்டம் வரைக்கும் படிக்க ஆசை காட்டுகிற முகாம் அது. பிடித்துப்போனால் அங்கேயே மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அம்சவேணியை அதற்கு அனுப்பிவைக்க ரூபாவதி மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தார்.

"யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. நல்லாத்தான் பழகுனாங்க. ஆனா நான் வாயத் தொறந்தா மட்டும் எல்லாரும் பேனாவ எடுத்துக்கறாங்க."

"எதுக்கு?"

"எழுதிக்கத்தான். 'இதுதான் உங்க சமூகத்தோட பார்வையா?'ன்னு கேக்கறாங்க. டீ ஆறிப்போச்சுன்னு நான் சொன்னாக்கூட, எங்க தெருவே ஆறுன டீ குடிக்காதுன்னு எழுதிக்குவாங்க போல."

ரூபாவதி சிரிக்கவில்லை.

"நான் தப்பா ஒரு வார்த்தை சொன்னா எங்க தெருவே முட்டாளாயிருமுங்க மேடம். அந்தப் பயத்துலயே ரெண்டாம் நாள் பேசல. மூணாம் நாள் பஸ் ஏறிட்டேன்."

ரூபாவதி பேனாவை மூடினார். அவரும் அப்படிப்பட்ட ஒரு தெருவிலிருந்து அதே பல்கலைக்கழகத்துக்குப் போய் டாக்டர் பட்டம் வாங்கியவர்தான். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வார் என்று அம்சவேணி எதிர்பார்த்தாள். அதற்காகத்தான் வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை ஓட்டுப்பதிவு. எனக்கு ஊசிப்பாறையில டூட்டி போட்டிருக்காங்க. நீயும் தன்னார்வலரா வா," என்றார் ரூபாவதி.

"அங்க வந்து நான் என்னங்க பண்றது?"

"உக்காரணும்."

ஊசிப்பாறை மலைமேல் இருக்கிற எஸ்டேட். தேயிலைக் கம்பெனி மூடியதும் சனமெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. வாக்காளர் பட்டியலில் மிச்சம் இருந்தது ஒரே பெயர். முப்பிடாதி, வயது நாற்பத்தாறு. அந்த ஒரு பெயருக்காக ஒரு இயந்திரம், நாலு அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், ஒரு ஜீப். இந்தச் சாவடியில் டூட்டி விழுந்தால் வாத்தியார்மாருக்குத் திடீரென்று முதுகுவலி வந்துவிடும். ரூபாவதிக்கு வரவில்லை.

காலை ஏழு மணிக்குச் சாவடியைத் திறந்தார்கள்.

யாரும் வரவில்லை.

எதிர்ச் சரிவில், தொழிலாளர்களுக்காகக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள். எல்லாவற்றிலும் பூட்டு. ஒரு வீட்டில் மட்டும் புகை வந்துகொண்டிருந்தது.

"அந்த வீடுதானுங்க. ஒரு சத்தம் குடுத்தா அந்தம்மா வந்துரும்," என்றார் போலீஸ்காரர்.

"கூப்பிடக் கூடாது," என்றார் ரூபாவதி.

"சரிங்க. அது வந்து போட்டுட்டா நாம கிளம்பிரலாமுங்களா?"

"ஆறு மணி வரைக்கும் இருக்கணும்."

போலீஸ்காரர் மரத்தடிக்குப் போய் வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

அம்சவேணி வாசலில் உட்கார்ந்திருந்தாள். பனி விலகியதும் அந்த ஒற்றை வீட்டு வாசலில் கோலம் தெரிந்தது. பார்க்க ஆளே இல்லாத இடத்தில் ஒருத்தி தினமும் எழுந்து கோலம் போடுகிறாள். அம்சவேணிக்கு, முகாமில் சாப்பாட்டுத் தட்டோடு எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாமல் நின்றது நினைவுக்கு வந்தது.

மத்தியானத்துக்கு மேல்தான் முப்பிடாதி வந்தாள். தலைக்குக் குளித்து, பெட்டியில் இருந்த புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். அம்சவேணி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"எதுக்குப் பிடிக்க? எனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு."

வரிசைக்காகக் கயிறு கட்டியிருந்தது. குனிந்து நுழைந்தால் இரண்டே எட்டுதான். முப்பிடாதி குனியவில்லை. ஆளே இல்லாத வரிசையில் சுற்றிச் சுற்றி வந்து நின்றாள்.

அலுவலர் வழக்கப்படி பெயரை உரக்க வாசித்தார். ஆட்சேபணை சொல்ல யாரும் இல்லை. விரலில் மை வைத்தார்கள். இயந்திரம் கூவியது.

அப்போதுதான் அம்சவேணிக்கு உறைத்தது.

"மேடம், எண்ணும்போது இவங்க யாருக்குப் போட்டாங்கன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சிருமே! ரகசிய வாக்கெடுப்புன்னு நீங்கதானே பாடம் நடத்துனீங்க?"

"அவங்ககிட்டயே போய்க் கேளு."

அம்சவேணி முப்பிடாதியின் பின்னாலேயே ஓடினாள்.

"அக்கா, உங்க ஓட்டு ஊருக்கே தெரிஞ்சு போயிருமே. பயமா இல்லீங்களா?"

முப்பிடாதி விரல் மையை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"போன தடவையே தெரிஞ்சுபோச்சு. டெபாசிட் போனவனுக்குப் போட்டுட்டேன். கீழ டீக்கடையில ஒரே கேலி. 'ஊசிப்பாறை மொத்தமும் அவனுக்குத்தான் விழுந்திருக்கு'ன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே நின்றுபோனது.

"ரெண்டு நாள் வீட்ட விட்டு வெளிய வரல. வெக்கமா இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குக்கா இன்னைக்கு வந்தீங்க?"

"நானும் வராட்டி சாவடியத் தூக்கிருவாங்கல்ல? நாளைக்கு எவளாச்சும் திரும்பி வந்தா எங்க போய்ப் போடுவா?"

அம்சவேணி திரும்பிச் சாவடியைப் பார்த்தாள்.

"ஒனக்கு ஓட்டு எந்த ஊருல?"

"கீழ பொள்ளாச்சிப் பக்கமுங்க."

"இங்க மாத்திக்கிடேன். வீடெல்லாம் சும்மாத்தான கெடக்கு. ரெண்டு ஓட்டு ரெண்டு சின்னத்துல விழுந்தாப் போதும். எது யாரு போட்டதுன்னு எவனுக்குத் தெரியும்?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் பதிலுக்குக் காத்திருக்கிறவள் மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சரிவில் இறங்கிப் போனாள்.

அதற்கப்புறம் யாரும் வரவில்லை. வர யாரும் இல்லை. கதவு மட்டும் திறந்தே இருந்தது. ரூபாவதி மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்சவேணி சாயங்காலம் முழுக்க ரூபாவதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவரை இத்தனை நாளாக இப்படி உற்றுப் பார்த்ததே இல்லை என்று பட்டது.

ஆறு மணி. ரூபாவதி இயந்திரத்தை மூடும் பொத்தானை அழுத்தினார்.

"மேடம், அந்தப் பல்கலைக்கழகத்துல நீங்க பேசுனதையும் எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க."

"கூட நம்ம ஆளுங்க யாரும் இல்லீங்களா?"

"நான் ஒருத்திதான்."

"உங்களுக்கு அப்புறம்?"

ரூபாவதி அரக்கு முத்திரை வைத்து முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"அதத்தானே அம்மிணி உன்கிட்டக் கேட்டுக்கிட்டிருக்கேன்."