நாற்பது பேர் கைநாட்டு

காட்டுத்தீ மலையிறங்கிக் குடிசைகளைத் தின்ற மறுவருஷம், கரட்டுப்பாறையில் பன்னிரண்டு புது வீடு எழும்பியது. இன்சூரன்ஸ் அதிகாரி தணிகாசலம் கையெழுத்துப் போட்டால்தான் சாவி.

"வீட்டைச் சுத்தி முப்பது அடிக்குப் புல் பூண்டே கூடாது. இங்க யார் வெட்டினது?" என்றார் அவர்.

"என் ஆளுங்க நாப்பது பேருங்க சார்," என்றாள் ஆடு மேய்க்கும் ஒச்சம்மா.

"நாற்பது பேர் கைநாட்டும் நாளைக்கு வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் சாவி கிடையாது."

ஊரே கையைப் பிசைந்தது. ஒச்சம்மா மட்டும் மறுநாள் ஒரு தாளை நீட்டினாள். ஊதா மையில் நாற்பது குளம்புத் தடம்!

"என்ன, கேலியா?"

"சத்தியமா இல்லீங்க. ஒரு மாசமா என் நாப்பது ஆட்டையும் இங்கதான் கிடை போட்டு மேச்சேன். வேலை பார்த்தவங்க கைநாட்டுதானே கேட்டீங்க? சந்தேகம்னா ஒரு புல்லைக் காட்டுங்க."

தணிகாசலம் குனிந்து குனிந்து பன்னிரண்டு வீட்டையும் சுற்றினார். வெறும் மண்தான். ஆனாலும் வீம்பு விடவில்லை. படிவத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி நீட்டினார். ஒச்சம்மா வாங்குவதற்குள் கொம்பு முறிந்த வெள்ளாடு ஒன்று அதைப் பிடுங்கி மென்று முழுங்கிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க சார். தீப்பிடிக்கிற எதையும் இவ இங்க விட்டு வைக்க மாட்டா."

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

பால் காய்ச்சிய அன்று பன்னிரண்டு வீட்டிலும் ஆட்டுப்பால்தான் பொங்கியது. யாரும் ஒரு வாய் குடிக்கும் முன்னால், வாசலுக்கு வாசல் ஆடுகளுக்கு அகத்திக்கீரை கட்டினார்கள். கொம்பு முறிந்தவளுக்கு எந்த வீட்டிலும் கதவு சாத்தவில்லை.

இன்சூரன்ஸ் தாளை மட்டும் அவளுக்கு எட்டாத பரணில் வைத்தார்கள்.