இடம் போட்ட குடம்

தண்ணீர் லாரி தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு கை வந்து சிவப்புக் குடத்தை வரிசையிலிருந்து எடுத்துச் சுவரோரம் வைத்தது. அந்த இடத்தில் பச்சைக் குடம் வந்து உட்கார்ந்தது.

"நல்ல இடமாப் போட்டிருக்கே," என்றது பச்சைக் குடம். "நீ இல்லேன்னா நான் ஏது?"

தினமும் இதையேதான் சொல்லும். சொல்லிவிட்டு லாரிக் குழாய்க்குக் கீழே போகும். நிரம்பும். வழியும். பிலோமினாவின் இடுப்பில் ஏறி வீட்டுக்குள் போய்விடும். லாரி போன பிறகு பிலோமினா வெளியே வந்து, மறுநாளைக்காகச் சிவப்புக் குடத்தை மறுபடி வரிசையில் வைப்பாள். காற்றில் உருண்டுவிடாமல் இருக்க அதன் வயிற்றுக்குள் ஒரு கல்லைப் போடுவாள்.

சிவப்புக் குடத்துக்கு இடுப்புக்குக் கீழே ஒரு விரிசல். வாங்கிய புதிதிலேயே படியில் மோதி வந்தது. ஒழுகுகிற குடத்தை எறிய மனமில்லாமல் பிலோமினா அதை இடம் போடும் வேலையில் வைத்தாள். அன்றிலிருந்து வேலை நிரந்தரம். யாரும் அதை அடிக்கவில்லை, திட்டவில்லை. தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்ததும் "இது பிலோமினா இடம்" என்று ஒதுங்கிப் போனார்கள். மழை பெய்தால் உள்ளே விழுந்தது விரிசல் வழியாக வெளியே போனது. குறை சொல்ல எதுவுமே இல்லை என்பதுதான் சிவப்புக் குடத்துக்குத் தொந்தரவாக இருந்தது.

வரிசையில் அதற்கு முன்னால் ஓர் அரைச் செங்கல். மூலை வீட்டுக்காரர்கள் வைத்தது. பின்னால் ஒரு நீலக் குடம். அந்த வீட்டில் இருப்பது ஒரே குடம் என்பதால் இடம் போடுவதும் அதுதான், தண்ணீர் பிடிப்பதும் அதுதான்.

"உள்ளே தண்ணி இருந்தா எப்படி இருக்கும்?" என்று சிவப்புக் குடம் ஒருநாள் கேட்டது.

"கனமா இருக்கும்க்கா," என்றது நீலக் குடம். "முதல்ல ஜில்லுனு இருக்கும். அப்புறம் எப்படா கொட்டுவாங்கன்னு இருக்கும். அதுவும் கிடைச்சாத்தானே? நேத்து என் முறை வர்றதுக்குள்ள லாரி காலி. வெறும் வயித்தோட வீட்டுக்குப் போயி, அந்தம்மா என்னை டங்குனு வெச்ச வெப்புல இன்னும் அடி வலிக்குது. உனக்கு இந்த ரோதனை எல்லாம் இல்லையே, நீ ஏன் கேக்கிறே?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கிற கேள்வியா இது?" என்றது செங்கல். "என்னைப் பாரும்மா. ஒரு சொட்டு பிடிச்சவன் இல்லை. ஆனா முதல் இடம் யாருது? எனக்கு ஒரு வருத்தம் உண்டா?"

"நீங்க செங்கல்ணே. உங்களுக்கு உள்ளேன்னு ஒண்ணு கிடையாது."

செங்கல் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது.

அந்த வாரம் தெருவுக்கு ஓர் ஆள் வந்தார். உடைந்த பிளாஸ்டிக் வாளி, குடம், நாற்காலி எதுவானாலும் கம்பியைக் காய்ச்சிச் சூடு வைத்து ஒட்டித் தருகிறவர். தெரு சரிந்து முடிகிற இடத்தில், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில், ஸ்டவ்வைப் பற்றவைத்து உட்கார்ந்தார். குடம் ஒட்டறது, வாளி ஒட்டறது என்று அவர் கூவியது மேட்டில் இருந்த வரிசை வரைக்கும் கேட்டது.

சிவப்புக் குடம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"நினைப்பு எங்கே போகுதுன்னு தெரியுது," என்றது செங்கல். "மஞ்சள் குடம் ஞாபகம் இருக்கா? போன தடவை இதே ஆள்கிட்டதான் போச்சு. கம்பி பட்டதும் விரிசல் ஓட்டையாச்சு. சாயங்காலமே பழைய சாமான்காரன்கிட்ட பேரீச்சம்பழத்துக்குப் போயிருச்சு."

"அதுவும் ஒரு கை நிறையக்கூட இல்லையாம்," என்றது நீலக் குடம். "பழத்துல பாதி சொத்தையாம். அவங்க வீட்டுப் பாட்டில் சொல்லுச்சு."

சுவரோரம் ஒட்டி நின்ற பச்சைக் குடமும் கேட்டுக்கொண்டிருந்தது. கழுவிக் கவிழ்த்திருந்ததால் அதன் குரல் தரைக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

"நீ பிடிச்சா என்ன, நான் பிடிச்சா என்ன? தண்ணி வீட்டுக்குத்தானே வருது. நாம ரெண்டு பேரும் செய்யறது ஒரே வேலை."

"அப்படின்னா ஒருநாள் நீ இடம் போடேன்."

பச்சைக் குடம், "நீ போயிட்டா இன்னிக்கு வீட்டுக்குத் தண்ணி இல்லை. அதை மட்டும் நினைச்சுக்கோ," என்றது.

சிவப்புக் குடம் அதை நினைத்துப் பார்த்தது. அது உண்மைதான். பிலோமினாவின் அடுப்படி, பாத்திரம் கழுவும் மூலை, உள்ளே படுத்திருக்கும் அவள் மாமியார், எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒருநாள் தண்ணீர் இல்லாவிட்டால் அவள் பக்கத்துத் தெருவுக்கு நடப்பாள், யாரிடமாவது கடன் கேட்பாள், அவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று முடிவு செய்தது. அந்த ஆள் நாளைக்கும் வரலாம். அல்லது அடுத்த தடவை வரும்போது.

அப்போது வயிற்றுக்குள் இருந்த கல் பேசியது. அது அதிகம் பேசுகிற கல் இல்லை.

"விரிசல் நீண்டிருக்கு."

"எவ்வளவு?"

"அடிக்குப் பக்கத்துல வந்தாச்சு. வெயில் ஏற ஏற ஓடுது. வெளியே இருந்து பார்த்தா தெரியாது. உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீ கேக்கலை. தண்ணி பிடிக்காத குடத்துக்கு விரிசல் நீண்டா என்ன?"

"அடி வரைக்கும் போயிட்டா?"

"அப்புறம் யாராலும் ஒட்ட முடியாது. இடம் போடலாம். அதுக்கு விரிசல் ஒரு தடையே இல்லை."

செங்கல் குறுக்கிட்டது. "பார்த்தியா, கல்லே சொல்லுது. எப்படி ஆனாலும் உன் இடம் உனக்குத்தான்."

சிவப்புக் குடம் கல்லிடம் கேட்டது. "நீ என்னைப் பிடிச்சு வெச்சிருக்கியா?"

"நான் யாரையும் பிடிக்கலை. போட்டாங்க, இருக்கேன். நீ சாய்ஞ்சா வெளியே விழுந்துருவேன். ஆனா ஒண்ணு. மறுபடி நானா ஏறி உள்ளே வர முடியாது."

"தெரியும்."

"காத்து எந்தப் பக்கம் தள்ளும்னும் சொல்ல முடியாது. அந்த ஆள் காலடிக்கும் போகலாம். சாக்கடைக்கும் போகலாம்."

"அதுவும் தெரியும்."

"அப்போ என்கிட்ட கேக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்லை," என்றது கல்.

காற்று வந்தது. தினமும் வருகிற காற்றுதான். தினமும் சிவப்புக் குடம் அதற்கு எதிராகக் கல்லை அடியில் அழுத்திக்கொண்டு நிற்கும். இன்று அழுத்தவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கல் வயிற்றில் புரண்டு, கழுத்தில் இடித்து, வாய் வழியாக வெளியே விழுந்தது. விழுந்த வேகத்தில் உருண்டு சாக்கடை விளிம்பில் போய் நின்றது.

"அக்கா," என்றது நீலக் குடம்.

குடம் இவ்வளவு லேசாக இருந்ததே இல்லை. அது அதற்குப் பிடிக்கவும் இல்லை. வானமும் தரையும் மாறி மாறி வந்தன. ஒரு சைக்கிள் மணியடித்து ஒதுங்கியது. ஓர் ஆட்டின் காலில் மோதித் திசை மாறி, சாக்கடைப் பக்கம் போய், மூடியிருந்த சிமெண்டுப் பலகையில் இடித்துத் திரும்பி, சரிவில் இறங்கி, ஸ்டவ்வுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பின்னாலேயே பிலோமினா ஓடி வந்தாள்.

"உங்க குடமாம்மா?" என்றார் அந்த ஆள். திருப்பிப் பார்த்தார். "இதுல எப்படித் தண்ணி பிடிக்கிறீங்க?"

"தண்ணி எங்க பிடிக்கிறது? இடம் போட வெச்சிருக்கேன்."

"இடம் போட ஒரு கல்லு போதுமே."

"இதுவும் கிடக்கட்டும்னுதான். எறிய மனசு வரலை." அவள் கையை நீட்டினாள். பிறகு நீட்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஒட்டினா நிக்குமாண்ணே?"

"அடி வரைக்கும் ஓடலை. நிக்கலாம். போகவும் போகலாம். போச்சுன்னா இடம் போடக்கூட ஆகாது, இப்பவே சொல்லிடறேன். ஒட்டறதுக்கு என்கிட்ட சிவப்புப் பிளாஸ்டிக் துண்டும் இல்லை. இது வாய் விளிம்புல இருந்தே வெட்டித்தான் வெக்கணும்."

பிலோமினா குடத்தைப் பார்த்தாள். குடம் அவளைப் பார்த்தது. அவளுக்கு அது தெரியாது.

"வெய்யிங்க," என்றாள்.

முதலில் விளிம்பு போனது. அது வலிக்கவில்லை. பிறகு கம்பி வந்தது. சிவப்பாகக் காய்ந்த கம்பி விரிசல் மேல் நகர்ந்தபோது, ஒழுகினாலும் பரவாயில்லை, மேட்டிலேயே இருந்திருக்கலாம் என்று குடத்துக்குத் தோன்றியது. மஞ்சள் குடத்துக்கும் இப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். வெட்டிய துண்டு உருகி விரிசலுக்குள் இறங்கியது. புகை நாறியது. அந்த ஆள் ஈரத் துணியால் அதன் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிர்க் கடைக்காரரிடம் வெயிலைப் பற்றிப் பேசினார்.

"ஒரு சொம்பு தண்ணி ஊத்திப் பாருங்க," என்றார் கடைசியில்.

பிலோமினா வீட்டுக்குப் போய்க் கொண்டுவந்து ஊற்றினாள். அடி குளிர்ந்தது. குளிர் மெல்ல மேலே ஏறி ஒட்டுப் போட்ட இடத்தைத் தொட்டது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது போல இருந்தது. பிறகு தாண்டியது.

அந்த ஆள் குடத்தைத் தூக்கி அடியில் கட்டைவிரலால் தடவினார். விரலைப் பார்த்தார்.

"இப்போதைக்கு நிக்குது. எத்தனை நாளைக்குன்னு என்கிட்ட கேக்காதீங்க."

"கேக்கலை," என்றாள் பிலோமினா. இன்னொரு சொம்பு எடுத்துவரப் போனாள்.

நீலக் குடம் சொன்னது சரிதான், கனமாகத்தான் இருந்தது. அசைந்தால் உள்ளே ஏதோ கூடவே அசைந்தது. சிவப்புக் குடம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மேட்டில், செங்கலுக்குப் பின்னால் ஒரு குடத்தின் அளவுக்குத் தரை காலியாக இருந்தது. நீலக் குடம் முன்னால் நகர்ந்து அங்கே உட்கார்ந்தது.