கண் படாத கைக்கடிகாரம்

கோயம்புத்தூர் மில் முதலாளி தெய்வசிகாமணிக்குக் கை இரண்டுதான். கைக்கடிகாரங்களோ பீரோ நிறைய இருந்தன. ஆனால் அவர் எதைக் காட்டினாலும் நண்பர் வரதராஜுலு, "இது என்கிட்டயும் இருக்குதுங்களே" என்று சொல்லிவிடுவார். அதில் முதலாளிக்குச் சோறே இறங்கவில்லை.

கடிகாரங்களைத் துடைத்து வைக்கும் மாரக்காளைக் கூப்பிட்டார்.

"யாரும் கட்டியிருக்கக் கூடாது, யார் கண்ணும் பட்டிருக்கக் கூடாது. அப்பிடியொரு வாட்ச் வெள்ளிக்கிழமை விருந்துக்கு வந்தாகோணும். இல்லீன்னா நீ குடியிருக்கற அவுட்ஹவுஸைக் காலி பண்ணிரு."

"சரிங்க" என்று போன மாரக்காள், காலி ஏலக்காய் டப்பா ஒன்றைத் துணியில் சுற்றி அரக்கு வைத்தாள். வெள்ளிக்கிழமை அதை விருந்தாளிகள் முன்னால் நீட்டினாள்.

முதலாளி ஆசையாக அரக்கில் நகத்தை வைத்தார்.

"தாராளமாத் திறங்க. திறந்ததும் உங்க கண்ணு பட்டுருமுங்க. அப்புறம் நீங்க கேட்ட வாட்ச் இது இல்லீங்க."

முதலாளி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். வரதராஜுலு டப்பாவைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"சத்தமே காணோமே?"

"சாவி குடுத்திருந்தா ஒருத்தர் கண்ணு பட்டிருக்குமேங்க."

"செஞ்சவன் பாத்திருப்பானே?"

"பாத்திருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருப்பனுங்க."

வரதராஜுலுவுக்குத் தாங்கவில்லை. டப்பாவுக்குப் பதிலாகத் தன் காரைத் தருவதாகக் கெஞ்சினார். முதலாளி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விருந்து முடிந்ததும் டப்பாவைப் பீரோவில் பூட்டினார். மாரக்காளைத் தனியாக அழைத்து, பீரோ சாவியை அவள் கையில் கொடுத்தார்.

"அவுட்ஹவுஸை விட்டு எங்கியும் போயிராதே அம்மணி. இதை யாரும் திறந்துராமப் பாத்துக்கோணும். முக்கியமா, நான்."