குண்டுமலை ஒசரமா, ஈர்க்குமலை ஒசரமா?

படுத்தாச்சா? காலைத் தூக்கி என் மேல போடாத, வேர்க்குது. அத்தை கதை சொல்லணும்னா நீ 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா பாதியில நான் தூங்கிருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு மலை. நல்லா தின்னுட்டு உக்காந்த ஆளு மாதிரி வயித்தைத் தள்ளிக்கிட்டு இருக்கும். அதனால அது குண்டுமலை. எதுத்தாப்ல இன்னொண்ணு, ஒல்லியா வெடவெடன்னு. அது ஈர்க்குமலை. நடுவுல ஒரு ஆறு. ரெண்டு உச்சியிலயும் ஊரு இருந்துச்சு.

"ம்."

குண்டுமலை ஊர்த்தலைவர் பெரியண்ணன். மீசை ஒரு முழம், மூளை ஒரு சிட்டிகை. அவரு பொண்ணு காத்தாயிக்கு ஈர்க்குமலைச் சடையனைப் பிடிச்சுப்போச்சு. அவனுக்கும் இவளைப் பிடிச்சுப்போச்சு. கட்டிக்க வேண்டியதுதானே? அதான் முடியாது. அந்த மலைக்காரங்களுக்கு ஒரு வழக்கம்: கல்யாணப் பொண்ணு ஏறித்தான் போகணும், எறங்கிப் போகக்கூடாது. தன் மலையை விட ஒசந்த மலைக்குத்தான் பொண்ணு குடுப்பாங்க. பெரியண்ணனோ, "இந்தச் சீமையிலேயே நம்ம மலைதான் ஒசரம்"னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தாரு. உள்ளூர்ல பூரா பங்காளிங்க, கட்டிக்க முடியாது. அப்போ அந்த ஊர்ப் பொண்ணுங்க கதி? பெருமையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாளுங்க.

காத்தாயி கேட்டா: "சொன்னா போதுமாப்பா? அளந்து பாருங்க. ஈர்க்குமலை ஒசரமா இருந்தா என்னைக் குடுத்துரணும்."

"அளந்துக்க!"ன்னாரு பெரியண்ணன்.

மொதல்ல கயிறு. அடிவாரத்துலேர்ந்து உச்சி வரைக்கும் நடக்கிற வழியில சரசரன்னு கயித்தை விட்டுக்கிட்டே போனாங்க. குண்டுமலைப் பாதை வயித்தைச் சுத்திச் சுத்திப் போகும். கெணத்துக் கயிறு தீந்துச்சு, மாட்டுக் கயிறு தீந்துச்சு, தொட்டில் கயித்தையும் அவுத்துட்டாங்க. ஈர்க்குமலைக்குக் கொஞ்சூண்டு கயிறே போதும், பாதை நேரா ஏறிரும். "பாத்தியா!"ன்னு பெரியண்ணன் மீசையை முறுக்குனாரு.

"அது மலையோட ஒசரம் இல்லீங்க, உங்க பாதையோட நீளம்"னான் சடையன். அதுவும் சரிதானே?

அப்புறம் சோறு. மேல போகப் போக அரிசி வேக நேரமாகுமாம். ரெண்டு உச்சியிலயும் ஒரே மாதிரி பானை, ஒரே அரிசி. டம்முனு கொட்டு அடிச்சதும் அடுப்பைப் பத்த வைக்கணும். எந்தச் சோறு கடைசியா வேகுதோ அந்த மலை ஒசரம். சோறு வேகக்கூடாதுன்னு சாமி கும்புட்ட ஊரை நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா?

"ம்ஹூம்."

இங்க பெரியண்ணன் யாரும் பாக்காதப்போ வெறகை உருவுறாரு. அங்க சடையனோட அம்மா சொம்பு சொம்பா பச்சத்தண்ணி ஊத்துறா. பொழுது சாஞ்சுச்சு. "எங்க சோறு வேகல!"ன்னு இந்த ஊரு குதிக்குது. "எங்களுதும் வேகல!"ன்னு அந்த ஊரு குதிக்குது. ரெண்டு ஊரும் நறுக்கு நறுக்குன்னு அரிசியை மென்னுட்டுப் படுத்துச்சு. கூறுகெட்ட சனங்க.

அப்புறம் காத்தாயி ஒரு தாம்பாளத்துல விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி உச்சிப் பாறையில வச்சா. "தண்ணி எந்தப் பக்கமும் சாயாதுப்பா. அந்த மட்டத்துக்குக் கண்ணை வச்சு எதுத்த உச்சியைப் பாருங்க. தண்ணிக்கு மேல தெரிஞ்சா அது ஒசரம், கீழ தெரிஞ்சா நம்மளுது."

பெரியண்ணன் குனிஞ்சாரு. சளக்! மீசை தண்ணிக்குள்ள. தும்மல்தான் வந்துச்சு, ஒண்ணும் தெரியல. "நீயே பாரு"ன்னுட்டாரு.

காத்தாயி பாத்தா. ஈர்க்குமலை கீழ தெரியுது.

பொய் சொல்லிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது? நானா இருந்தா சொல்லிருப்பேன். அவ சொல்லல. அழுகையை முழுங்கிக்கிட்டு, "நம்ம மலைதான்பா ஒசரம்"னா. பெரியண்ணன் தைய தக்கான்னு ஒரு ஆட்டம் போட்டாரு பாரு!

"அப்போ கல்யாணம் இல்லியா அத்தை?"

நீ இன்னும் தூங்கலியா? கேளு. காத்தாயி கண்ணைத் தொடைச்சுக்கிட்டு தடதடன்னு எறங்குனா. நேரா ஆத்துக்குப் போயி, நடுவுல இருந்த பாறையில உக்காந்துட்டா. ஊரே பின்னாடி ஓடியாந்துச்சு. அந்தக் கரைக்குச் சடையனும் எறங்கி வந்தான்.

"இங்க என்னடி பண்ற?"ன்னாரு பெரியண்ணன்.

"கோவிச்சுக்கிட்டு வந்துட்டேன். இனிமே இதான் என் வீடு. இப்பச் சொல்லுங்கப்பா, இந்த வீட்டுப் பொண்ணுக்கு ஈர்க்குமலை ஒசரமா, பள்ளமா?"

பெரியண்ணன் அண்ணாந்து பாத்தாரு. ஆத்துலேர்ந்து பாத்தா எல்லாமே ஒசரம்தான், கழுத்தே வலிக்குது. எங்கேருந்து அளக்கணும்னு வழக்கத்துல யாருமே சொல்லி வைக்கலியே!

"ஒசரம்தான்"னாரு மெதுவா.

"அப்போ நான் ஏறித்தானே போறேன்?"

போயிட்டா! சடையன் கையைப் புடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு ஏறுறா. இதைப் பாத்ததும் குண்டுமலைப் பொண்ணுங்க பூரா பாயைச் சுருட்டிக்கிட்டு ஆத்துக்கு எறங்கிட்டாளுங்க.

பெரியண்ணன் கீழேருந்து கத்துனாரு: "அடியே, நான் உன்னை எப்படிப் பாக்குறது?"

"நீங்களும் ஏறித்தான் வரணும்பா!"

மறுநாள் காலையிலேயே ஒரு பலாப்பழத்தைத் தலையில வச்சுக்கிட்டு, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்க ஈர்க்குமலை ஏறுனாரு அந்த மனுஷன். வழியில ஒருத்தன் நக்கலாக் கேட்டான்: "என்ன தலைவரே, எந்த மலை ஒசரம்?"

"போடா அங்கிட்டு. என் பொண்ணு இருக்கிற மலைதான்."

என்ன, ம் வரல? சரி சரி. கதை மலையேறிருச்சு, விளக்கையும் மலையேத்திர்றேன். தூங்குடி தங்கம்.