பிந்தி வந்தது

ஆறுமுகநயினார் கேட்டார்:

"டீச்சர், தனியாத் தோண்டுறது லாபமா, கூட்டத்தோட தோண்டுறது லாபமா?"

ரோசலின் டீச்சர் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அதிலிருந்து கடலைத் தோல் விழுந்தது.

"எதத் தோண்டுறது அண்ணாச்சி?"

"காசுதான். பிட்காயின்னு சொல்லுதாங்களே, அந்த மாதிரி கம்ப்யூட்டர்க் காசு. வீட்டுல இருந்த எடத்துல இருந்துக்கிட்டே தோண்டலாம்னு வீடியோல சொல்லுதான்."

"வீடியோல என்னதான் சொல்லல. மொட்டத் தலையில ஒரே வாரத்துல முடி வளரும்னுகூடச் சொல்லுதான். உக்காருங்க."

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டீச்சர் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திவந்தார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். நயினாருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் உட்காரச் சொன்ன பிறகுதான் நயினார் உட்காருவார். கற்றுக்கொடுக்கிறவர் முன்னால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அதே பஸ் ஸ்டாண்டில் அவர் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பிந்தி வந்த வண்டியை அவர் மன்னித்ததே கிடையாது. டயர் வெடித்தது, பாலத்தில் நெரிசல், யானை குறுக்கே வந்தது என்று கண்டக்டர்கள் எதைச் சொன்னாலும், "பிந்தினா பிந்தினதுதான்" என்பார். விசில் ஊதி அடுத்த வண்டியை எடுக்கச் சொல்லிவிடுவார்.

டீச்சர் சொன்னார்:

"உலகம் முழுக்க எல்லாரும் ஒரே நேரத்துல ஒரு நம்பரத் தேடுதாங்க. மொதல்ல கண்டுபிடிக்கிறவனுக்குக் காசு. உடனே அடுத்த நம்பர். தனியாத் தேடினா கிடைக்கிறது முழுசும் உங்களுக்கு. கூட்டத்துல சேந்தா ஷேர் இருக்கும்."

நயினார் எழுந்துவிட்டார்.

"ஷேருங்கிற பேச்சே வேண்டாம் டீச்சர். ஒரு கடையில ஷேர் வச்சிருந்து பட்டது போதும்."

"சொல்லி முடிக்கலையே..."

"வேண்டாம். தனியாவே தோண்டுதேன்."

டீச்சர் "சரி" என்றார்.

*

அந்தக் கடை உரக்கடை. நயினாரின் மனைவி கோமுவுக்கு ஒரே தம்பி, மந்திரமூர்த்தி. அவனும் நயினாரும் பாதிக்குப் பாதி போட்டு நடத்தினார்கள். கோமு இறந்த வாரத்திலேயே நயினார் கடைச் சாவியைத் தெருவில் எறிந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. ரேஷன் கடைக்குச் சுற்றித்தான் போவார். யார் கையையும் பாராமல் தானே சம்பாதித்துச் சாப்பிட வேண்டும் என்றுதான் இந்தத் தோண்டுகிற வேலையைப் பிடித்தார்.

டீச்சர் வீட்டுக்கு வந்து எல்லாம் செய்து கொடுத்தார். கோமுவின் தையல் மெஷின் இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் இருந்தது. பெட்டிக்குள் காற்றாடி இரைந்தது. அறை சூடானது. திரை கறுப்பாக இருந்தது. அதில் எதுவும் வரவில்லை.

நயினார் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படிப் பார்த்தபடியே மழைக்காலம் போய்விட்டது.

ஒருநாள் வகுப்பு முடிகிற நேரத்தில் வந்து நின்றார்.

"டீச்சர், அது ஒண்ணுமே பேச மாட்டேங்கு."

"என்ன பேசணும்?"

"வேல செய்யுதா இல்லையான்னாவது சொல்லாண்டாமா?"

"விடாம வேல செய்யுது. தனியாத் தோண்டினா, நம்பர் கிடைச்சாத்தான் வாயத் தொறக்கும். அதுவரைக்கும் பேசாது."

"எப்பக் கிடைக்கும்?"

"உங்க பெட்டிக்கா? உங்க ஆயுசுல கிடைக்காது அண்ணாச்சி."

நயினாருக்குக் கோபம் வந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"நான் சொல்லி முடிக்குமுன்ன நீங்க எந்திரிச்சிட்டீங்க."

"இப்பச் சொல்லுங்க."

"இங்க வேண்டாம். வீட்டுக்கு வாரேன்."

*

அன்று மாலை டீச்சர் வந்தபோது நயினாரின் செல்போன் மேசைமேல் கிடந்தது. ஒரு குரல் செய்தி வந்திருந்தது. நயினார் காலையிலேயே அதைக் கேட்டுவிட்டார். பலமுறை கேட்டிருப்பார்போல. டீச்சர் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தொட்டதும், "இதக் கேளுங்க" என்று தானாகவே போட்டுக் காட்டினார்.

"அத்தான், மந்திரம் பேசுதேன். கடைய வித்தாச்சு. நாளைக்கு ஓசூருக்குப் போறேன், மககிட்ட. இனிமே இந்தப் பக்கம் வாரது கஷ்டம்தான். அக்காவுக்கு எடுத்த சேல இன்னும் எங்கிட்டதான் இருக்கு. கட்டக்கூடிய சேல இல்ல, குடுக்கவும் மனசு வரல. நீங்க சொன்னீங்கன்னா கொண்டாந்து தந்துட்டுப் போயிருவேன். வீட்டுக்குள்ளகூட வரல, வாசல்லயே வச்சிருதேன். ஒரு வார்த்த சொல்லுங்க அத்தான்."

பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. செய்தி முடிந்தது.

"என்ன சேல அண்ணாச்சி?"

"கோடி."

கோடி என்றால் என்னவென்று டீச்சருக்குத் தெரியவில்லை.

"பொம்பள செத்தா, பெறந்த வீட்டுல இருந்து புதுச்சேல வரணும். அதப் போத்தித்தான் எடுக்கணும். அவளுக்கு அதுதான் கடைசிச் சேல. கொண்டு வரவேண்டியவன் இவன் ஒருத்தன்தான். நாலு மணிக்கு எடுக்கணும்னு ஆள் விட்டுச் சொல்லியாச்சு. நாலு ஆச்சு. வரல."

"என்ன செஞ்சீங்க?"

"எடுத்தாச்சு. கடையில ஒரு சேல வாங்கிட்டு வரச் சொன்னேன். எவனோ ஓடிப் போயி எதையோ வாங்கிட்டு வந்தான். அதப் போத்தி எடுத்தோம்."

"அவரு வரவே இல்லையா?"

"வந்தான். நாங்க ஆத்துக்குப் போயிட்டுத் திரும்புதோம், தெருமுனையில பையோட நிக்கான்."

"எங்க போயிருந்தாராம்?"

நயினார் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"இங்க உள்ள கடையெல்லாம் பாத்தானாம். அக்காவுக்குப் பிடிச்ச கலர் இல்லையாம். பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போயிருக்கான். செத்தவளுக்குக் கலர் பாக்கப் போனான் டீச்சர்!"

டீச்சர் கேட்டார்: "என்ன கலரு?"

நயினார் வாயைத் திறந்தார்.

"கேக்கல," என்றார் கடைசியில். "பையப் பிரிக்கவே விடல நான். தெருவே பாக்க ஏசிவிட்டேன்."

தையல் மெஷின் இருந்த இடத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"எத எடுத்துக் குடுத்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவா. தீவாளிக்கு, கோயில் கொடைக்கு எல்லாத்துக்கும் நாந்தான் எடுப்பேன். ஒருநாளும் வேற கலர் கேட்டது இல்ல. எனக்குத் தெரியாத ஒரு கலரு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

கையைப் பிசைந்துகொண்டார்.

"சொப்பனத்துல வாரா. வேற ஒண்ணும் பேச மாட்டா. எங்க வீட்டுச் சேல வந்துதான்னு கேப்பா. வரலன்னு சொல்லுவேன். போயிருவா. இருடீன்னு கூப்பிடுவேன், நிக்க மாட்டா."

டீச்சர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். எதையோ அழித்து, எதையோ எழுதினார்.

"அவன் வந்து இந்த வாசல்ல நின்னு, தப்பு எம்மேலதான்னு முழுசாச் சொல்லட்டும்," என்றார் நயினார். "அதுக்குப் பெறகு பாப்போம். இந்த மிஸ்டு கால் குடுக்கது, ஆள்கிட்ட மாம்பழம் குடுத்து விடுறது, இந்தச் சோலியெல்லாம் எங்கிட்ட வேண்டாம்."

"மாம்பழம் வந்துச்சா?"

"வந்துச்சு. மாட்டுக்குப் போட்டேன்."

"மாடு குடுத்து வச்சது. இங்க பாருங்க அண்ணாச்சி."

கறுப்புத் திரையில் ஒரு வரி ஓடியது. பச்சை எழுத்து. பின்னாலேயே இன்னொன்று.

நயினார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"பேசுதே! கிடைச்சிட்டா?"

"இல்ல. இப்ப உங்களக் கூட்டத்துல சேத்திருக்கேன். இதுதான் ஷேர்."

"என் காசுல பங்கு கேக்கானா?"

"பங்கு இல்ல அண்ணாச்சி. நீங்க அந்த வார்த்தைய அன்னைக்கே தப்பா எடுத்துக்கிட்டீங்க. நம்பரத் தேடுறோம்லா, சரியான நம்பர் சிக்காது. ஆனா கிட்டத்துல ஒண்ணு சிக்கும். அதப் பெட்டி கூட்டத்துக்கு அனுப்பும். நான் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன், சும்மா இருக்கலன்னு காட்டுறதுக்கு. அதுக்குத்தான் இங்க ஷேர்னு பேரு."

"அப்ப இது குறி தப்பிப்போனதுதான?"

"தப்பிப்போனதுதான்."

"பச்சையில என்ன எழுதியிருக்கு?"

"ஏத்துக்கிட்டாச்சுன்னு எழுதியிருக்கு."

"தப்பிப்போனத எதுக்கு ஏத்துக்கிடணும்?"

"கூட்டத்துல அப்படித்தான். கடைசில ஒருத்தனுக்கு நம்பர் கிடைக்கும்போது, தப்பினவங்க எல்லாருக்கும் அதுல கொஞ்சம் வரும்."

"லாபம் இருக்குமா?"

"உங்க பழைய பெட்டிக்குக் கரண்டு பில்லக் கட்டவே காணாது. இத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். ஆனா நீங்க கேட்டதுக்குப் பதில் இதுதான். தனியாத் தோண்டுறதவிடக் கூட்டம் நல்லது."

நயினார் திரையையே பார்த்தார். பச்சை வரி ஒன்று வந்தது. சிறிது பொறுத்து இன்னொன்று. மழைக்காலம் முழுவதும் பேசாமல் இருந்த பெட்டி அது. அவர் முகம் கொஞ்சம் இளகியது.

அப்போது ஒரு வரி சிவப்பாக வந்தது.

"இது என்ன?"

"பிந்தி வந்தது."

நயினார் நிமிர்ந்தார். அது அவருடைய வார்த்தை.

"எப்படிப் பிந்தும்?"

"ஒரு நம்பருக்கு ஒரு சுத்து. அந்தச் சுத்துக்குத் தேடுது. கிட்டத்துல ஒண்ணு சிக்குது. அத எடுத்துட்டுப் போறதுக்குள்ள அந்தச் சுத்து முடிஞ்சு அடுத்த சுத்து ஆரம்பிச்சிருச்சு. அதான் சிவப்பு. தள்ளியாச்சுன்னு அர்த்தம்."

"சரிதான்," என்றார் நயினார். "பிந்தினா பிந்தினதுதான்."

"இந்தக் கூட்டத்துல அப்படி."

"எல்லாக் கூட்டத்துலயும் அப்படித்தான இருக்கும்?"

"இல்ல. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சட்டம். பிந்தி வந்ததத் தள்ளுற கூட்டமும் இருக்கு. பாதியாவது கணக்குல எழுதிக்கிடுற கூட்டமும் இருக்கு. இப்பச் சும்மா பாக்கத்தான் இதுல போட்டேன். எந்தக் கூட்டம்னு நீங்க சொன்னா அத எழுதிட்டுக் கிளம்பிருவேன்."

டீச்சரின் விரல்கள் கீபோர்டின்மேல் இருந்தன. அவர் அவசரப்படுத்தவில்லை.

நயினார் கேட்டார்:

"பிந்தி வந்தத எழுதிக்கிட்டா, கூட்டத்துக்கு நட்டம்தான டீச்சர்?"

"கொஞ்சம் நட்டம்தான்."

"ஒண்ணுக்கும் உதவாதே அது. சுத்துதான் முடிஞ்சிட்டே."

"ஆமா, உதவாது."

"பெறகு என்னத்துக்கு ஏத்துக்கிடுதான்?"

"அதுவும் நாள் முழுக்கத் தேடி அலைஞ்சு கொண்டாந்ததுதான அண்ணாச்சி," என்றார் டீச்சர். "வழியில நேரமாயிருச்சு."

நயினார் வாசல் பக்கம் திரும்பினார்.

வெளியே விளக்குப் போடுகிற நேரம். தெருவில் யாரோ தண்ணீர் தெளித்தார்கள். அவர் எழுந்திருக்கப் போவது போல நாற்காலியின் கையைப் பிடித்தார். எழுந்திருக்கவில்லை. மேசைமேல் கிடந்த செல்போனை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பேசி அனுப்பணும்னா எத அமுக்கணும்?"

டீச்சர் காட்டினார். "இத அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பேசுங்க. விட்டா போயிரும்."

நயினார் அமுக்கிப் பிடித்தார். போனை வாயருகே கொண்டுபோனார். "மந்..." என்று உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமினார். மறுபடியும் வாயைத் திறந்தார். மூச்சு மட்டும் வந்தது. கண் நிறைந்தது. விரல் நழுவிவிட்டது.

"ஐயோ!" என்றார். "போயிட்டே! நான் ஒண்ணும் சொல்லலையே டீச்சர். வான்னுகூடச் சொல்லலையே. வெறும் மூச்சுச் சத்தம்லா போயிருக்கு!"

டீச்சர் போனை வாங்கிப் பார்த்தார்.

"போய்ச் சேந்துருச்சு அண்ணாச்சி," என்றார்.