காளை தாண்டாத கேட்

குருவையாவின் கடலைக்காட்டைப் பற்றி ஊசிமேட்டுப்பட்டியில் எல்லோருக்கும் நல்ல அபிப்பிராயம் இருந்தது. கோயில் காளைக்கு இன்னும் நல்ல அபிப்பிராயம். சுற்றிலும் கிளுவை வேலி அடர்ந்து கிடந்தாலும், உள்ளே போகிற வழியில் வெறும் முள்படலைத்தான் சாத்தி வைத்திருந்தார்கள். காளை அதைக் கொம்பால் ஒதுக்கிவிட்டு உள்ளே போகும். வயிறு நிறைந்ததும் தானாக வெளியே வரும். சாமிக்கு நேர்ந்துவிட்ட காளையை யார் அடிப்பது?

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. மூன்றாம் வருஷம் கடலை பூத்து விழுது இறங்குகிற சமயத்தில், குருவையாவின் மனைவி வெள்ளைத்தாய் வீட்டு ஆண்களை வரிசையாக உட்கார வைத்தாள். ஆண்கள் என்றால் குருவையா, அவனுடைய தம்பிகள் சன்னாசி, ஒண்டிவீரன். தம்பிகளுக்குப் பெண் கொடுக்கிற தைரியம் சுற்றுவட்டாரத்தில் இன்னும் யாருக்கும் வரவில்லை. மூவரும் நல்லவர்கள், உழைப்பாளிகள், சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அந்தக் கடைசிக் குணம்தான் வெள்ளைத்தாயைப் பாடாய்ப் படுத்தி வந்தது.

“இந்த வருசமும் கடலை வீடு வந்து சேரலைன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் திரும்பி வர மாட்டேன்,” என்றாள்.

அவள் இல்லாவிட்டால் தன் வேட்டி எங்கே இருக்கிறது என்றுகூடக் குருவையாவுக்குத் தெரியாது. வேட்டி கிடக்கட்டும், அவள்மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை.

“டவுனுக்குப் போய் ஒரு இரும்புக் கேட் வாங்கிட்டு வாங்க. காளை முட்டினாலும் அசையாத கேட் வேணும். மூணு கடையில விசாரிச்சு, நியாயமான விலைக்கு முடிங்க. மாட்டின பிறகு, காளை கண்ணுல பட்டா கேட்டைத் திறக்கவே கூடாது. புரிஞ்சுதா?”

புரிந்தது என்று மூவரும் தலையாட்டினார்கள். அவள் ரேஷன் கடைக்குக் கிளம்பியதும் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள்.

“காளை முட்டினா அசையுமா அசையாதான்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்றான் சன்னாசி.

“நமக்குத் தெரியாது. காளைக்குத்தான் தெரியும்,” என்றான் ஒண்டிவீரன்.

“அப்ப அதையும் கூட்டிட்டுப் போறதுதான் முறை,” என்று முடித்து வைத்தான் குருவையா.

சாமி காளைக்குக் கயிறு போடக்கூடாது. ஆகவே தங்கள் காட்டிலேயே பச்சைக் கடலைச்செடியை வண்டி நிறையப் பிடுங்கிப் போட்டு, அதைக் காட்டிக்கொண்டே முன்னால் ஓட்டினார்கள். காளை பின்னால் நடந்து வந்தது. டவுன் போய்ச் சேர்வதற்குள் பாதி வண்டி காலி.

முதல் கடையில் தகரக் கேட். காளை அதில் கழுத்தைச் சொறிந்துகொண்டது, கேட் குப்புற விழுந்தது. “இது சொறியவே தாங்கலை, முட்டத் தாங்குமா?” என்று கடைக்காரரிடம் அன்பாக எடுத்துச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். இரண்டாவது கடைக்காரர் காளையைக் கண்டதும் ஷட்டரை இறக்கிவிட்டார். விசாரிக்காமல் போகக்கூடாதே என்று ஷட்டரில் வாயை வைத்து விலை விசாரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த பதிலை இங்கே எழுத முடியாது.

மூன்றாவது, ஞானதுரையின் வெல்டிங் பட்டறை. அங்கே கனத்த பைப்பில் அடித்த பெரிய கேட் ஒன்று இரண்டு தூணுக்கு நடுவில் மாட்டியிருந்தது. காளை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, முன்னால் படுத்து அசைபோடத் தொடங்கியது.

“முட்ட மாட்டேங்குதே,” என்றான் குருவையா.

“நான் சொல்றேன்யா. இது அசையாது,” என்றார் ஞானதுரை.

“நீங்க விக்கிறவரு, அப்படித்தான் சொல்வீங்க. முட்டுறவன் சொல்லணும்.”

வெகுநேரம் காத்திருந்தார்கள். கடைசியில் சன்னாசி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நாலடி பின்னால் போய், ஓடி வந்து தானே முட்டினான். கேட் அசையவில்லை. அவன் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. மற்ற இருவரும் அந்த வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள்.

“நல்ல சரக்கு,” என்றான் ஒண்டிவீரன். “விலை?”

“ஏழாயிரம். உங்களுக்காக ஆறரைன்னு வச்சுக்கலாம்.”

மூவரும் ஓரமாகப் போய்க் கலந்து பேசினார்கள். நியாயமான விலை எது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒண்டிவீரனுக்கு ஒரு யோசனை வந்தது. “விக்கிறவனுக்கு மட்டும் வருத்தம்னா நாம ஏமாத்துறோம். வாங்குறவனுக்கு மட்டும் வருத்தம்னா அவரு ஏமாத்துறாரு. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு வருத்தம் வந்தா அதுதான் நியாயம்.” இதைவிட மோசமான விளக்கங்களைப் படித்தவர்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

“ஆறரைக்குக் குடுத்தா உங்களுக்கு வருத்தமா?” என்று குருவையா ஞானதுரையிடம் விசாரித்தான்.

“லேசா இருக்கு,” என்றார் அவர், பேரம் படியட்டும் என்று.

“எங்களுக்கு ஒண்ணும் இல்லையே. அப்ப ஏழு வச்சுக்கங்க. சன்னாசி, வருத்தமா இருக்கா?”

“நெத்திதான் வலிக்குது. வருத்தம் இல்லை.”

“ஏழேகால்?”

“இன்னும் இல்லை.”

ஏழரைக்கு வந்தபோது மூவருக்கும் ஒரே நேரத்தில் முகம் வாடியது. ஞானதுரையைப் பார்த்தார்கள். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. இவர்களைப் பெற்றவளை நினைத்து அவருக்கு உண்மையாகவே வருத்தமாயிருந்தது. விலை படிந்துவிட்டது. மனசு கேளாமல் அவர் ஒரு சங்கிலியும் பெரிய பூட்டும் சும்மா கொடுத்தார்.

கேட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே காட்டுக்கு வந்தார்கள். மிச்சமிருந்த கடலைச்செடிக்காகக் காளையும் பின்னாலேயே வந்தது. அங்கே பழைய கல்தூண்கள் இரண்டு நின்றன. ஒன்றில் கொக்கிகள் இருந்தன. கேட்டின் வளையங்களை அவற்றில் மாட்டினால் போதும். முள்படலைத் தூக்கி எறிந்துவிட்டு, மூவரும் கேட்டைப் பிடித்து முக்கிக்கொண்டிருந்தபோது, காளை தன் வழக்கமான நேரம் ஆகிவிட்டதால் அவர்களுக்குப் பின்னாலேயே உள்ளே போயிற்று. அவர்கள் கேட்டை மாட்டினார்கள். அடுத்த தூணைச் சுற்றிச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். ரோட்டைப் பார்த்தார்கள். காளை இல்லை. மூவருக்கும் பெருமை தாங்கவில்லை.

திரும்பினார்கள். காளை நடுக்காட்டில் நின்று கடலையை வேரோடு இழுத்துக்கொண்டிருந்தது.

“உள்ள நிக்குது,” என்றான் சன்னாசி. “கேட்டைத் திறந்து பத்திவிடுவோமா?”

குருவையா அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “உங்க மதினி என்ன சொல்லிச்சு? காளை கண்ணுல பட்டா திறக்கக் கூடாதுன்னு சொல்லிச்சா இல்லையா? உனக்குக் கண்ணுல படுதா?”

“படுது.”

“அப்ப பேசாம இரு.”

காளை கேட் பக்கம் வந்து உடம்பைத் தேய்த்துக்கொண்டது. கேட் அசையவே இல்லை. காளை எப்படியும் வெளியே போக முடியாது என்று மூவரும் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார்கள்.

மூன்று மணி வாக்கில் கஞ்சித் தூக்கோடு வந்த வெள்ளைத்தாய் தூரத்திலிருந்து புதுக் கேட்டைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. பக்கத்தில் வந்து உள்ளே பார்த்தாள். தூக்கு கையிலிருந்து நழுவிற்று.

“திறங்க,” என்றாள்.

“மாட்டேன்,” என்றான் குருவையா. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்குச் சொன்ன முதல் மாட்டேன் அது. “நீ எத்தனை வாட்டி சொன்னாலும் மாட்டேன். நீ சொன்னதை மீற மாட்டேன்.”

அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. “நாலு மணி பஸ்ஸுக்குப் போறேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

குருவையா தரையில் உட்கார்ந்து அழுதான். தம்பிகளுக்கும் கண் கலங்கியது. மதினி வைக்கிற குழம்பை நினைத்தாலே யாருக்கும் கலங்கும். கலங்கிய கண்ணோடு ஒண்டிவீரன் கேட்டைப் பார்த்தான்.

“அண்ணே, காளையே தாண்ட முடியாத கேட்டை மதினி தாண்டுமா?”

குருவையா அழுகையை நிறுத்தினான்.

திறக்கக் கூடாது என்றுதான் உத்தரவு, கழற்றக் கூடாது என்று இல்லை. வளையங்களைக் கொக்கியிலிருந்து தூக்கினார்கள். பூட்டைத் தொடாமல் சங்கிலியைத் தூணின் தலை வழியாக உருவினார்கள். கேட்டை வண்டியில் போட்டுக் குறுக்குப் பாதையில் வீட்டுக்கு விரட்டினார்கள். காளை காட்டிலேயே நின்றது. அதைப் போ என்று யாரும் சொல்லவில்லையே.

வெள்ளைத்தாய் வழியில் தன் சிநேகிதியிடம் சொல்லிக்கொண்டு வர நின்றுவிட்டாள். அதற்குள் இவர்கள் கேட்டை வீட்டு வாசலை அடைத்து நிறுத்தி, ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, கேட்டை இழுத்து ஒட்டி, சங்கிலியை ஜன்னல் கம்பியோடு கோத்துப் பூட்டினார்கள். வீட்டுக்கு வேறு வழி கிடையாது.

அவள் வந்து பார்த்தபோது, கம்பிக்குப் பின்னால் மூன்று முகங்கள் வரிசையாகத் தெரிந்தன.

“என்ன பண்றீங்க?” என்றாள்.

“இனி நீ எங்கயும் போக முடியாது,” என்றான் குருவையா. “கோவிச்சுக்காதே. உன்னை அனுப்ப எனக்கு மனசில்லை.”

வெள்ளைத்தாய் கேட்டை மேலும் கீழும் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். “சரிங்க,” என்றாள். “பெட்டி மேல என் துணிப்பை இருக்கு. அதை மட்டும் எடுத்துக் குடுங்க.”

அவ்வளவுதானா என்று குருவையாவுக்கு ஒரே சந்தோஷம். பையை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினான். பஸ்ஸில் சில்லறை கேட்பார்களே என்று சில்லறையும் கொடுத்தான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, பூட்டுச் சாவியையும் அவள் கையில் வைத்தான்.

“எங்ககிட்ட இருந்தா எங்கயாச்சும் தொலைச்சிருவோம். நீயே பத்திரமா வச்சுக்க.”

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, தெருத் திரும்புகிற வரை சிரித்துக்கொண்டே போனாள். பஸ் ஹாரன் கேட்டது. பஸ் போய்விட்டது.

ஒண்டிவீரன் வீட்டுக்குள் தலைகளை எண்ணினான். “பூட்டும்போது மூணு பேரு. இப்பவும் மூணு பேரு.”

குருவையா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டைத் தட்டிக் கொடுத்தான்.

“ஏழரை போனாலும் பரவாயில்லைடா. ஒருத்தரும் வெளிய போகலை பாரு.”