தண்ணீருக்கு மாற்று இடம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடம்பாற்று நாடு என்றொரு நாட்டை இளஞ்சேந்தன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். நினைத்தால் யானையைப் பரிசாகத் தருவான், நினைத்தால் அதே ஆளை நாடு கடத்துவான். அவனிடம் மந்திரியாக இருந்தவர் சொக்கேசர். ராஜாவைச் சிரிக்க வைத்தே காரியம் சாதிப்பவர் என்று ஊரெல்லாம் பெயர். ஆனால் ஒரு வருஷமாக அவர் முகத்தில் சிரிப்பே கிடையாது.

காரணம் இதுதான். தலைநகருக்குத் தெற்கே பெரிய சதுப்பு ஒன்று இருந்தது. மழைக்காலத்துத் தண்ணீரெல்லாம் அங்கேதான் போய்த் தங்கும். நகரதிகாரி வில்லவராயர் அதில் பாதியை மண்ணடித்து மேடாக்கி, புதுவீதி என்று மாளிகைகள் எழுப்பினார். "வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்த சொக்கேசர், ராஜாவின் உற்சாகத்தைக் கண்டு பேசாமல் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். அந்த வருஷக் கார்த்திகை மழையில் தண்ணீர் தங்க இடமில்லாமல், சதுப்பின் ஓரத்திலிருந்த கோரைக்காரத் தெருவுக்குள் புகுந்தது. விடிந்தபோது ஐந்து பேர் பிணம். பாய்க்குக் கோரை அறுக்கும் மருதாயி என்பவளின் புருஷனும் மகளும் அதில் அடக்கம். அந்த இருவரையும் சேற்றிலிருந்து எடுத்தபோது சொக்கேசர் பக்கத்தில்தான் நின்றார்.

இப்போது வில்லவராயர் மீதிச் சதுப்பையும் கேட்டு, வரைபடத்தோடு சபைக்கு வந்து நின்றார்.

"மன்னா, கொசுவும் சேறும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஆயிரம் மாளிகை எழுப்பலாம். மந்திரியார்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். என் பெயர் நிலைத்துவிடுமே என்ற வருத்தம் போலும்!"

சபை சிரித்தது. ராஜா சொக்கேசர் பக்கம் திரும்பினான்.

"என்னய்யா, உம்முடைய வேடிக்கைப் பேச்செல்லாம் எங்கே போயிற்று? இன்று என்னைச் சிரிக்க வையும். சிரித்தால் நீர் சொல்வதைக் கேட்கிறேன். இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டுப் போய்விடும்."

சிரிப்பு வரவழைக்கிற விஷயமா இது? ஆனாலும் சொக்கேசர் எழுந்து கும்பிட்டார்.

"மன்னா, உங்கள் பாட்டனார் போட்ட சட்டம் ஒன்று உண்டு. அரண்மனை யாரைக் குடியிருக்கும் இடத்திலிருந்து எழுப்பினாலும், முதலில் மாற்று இடம் காட்ட வேண்டும். சதுப்பில் ஒருவர் குடியிருக்கிறார். அவருக்கு நகரதிகாரி எந்த இடம் பார்த்து வைத்திருக்கிறார் என்று தெரிய வேண்டும்."

"அந்தச் சேற்றிலா? யாரய்யா அது?"

"தண்ணீர், மன்னா. வருஷம் தவறாமல் ஐப்பசியில் வந்து, தை வரைக்கும் தங்கிப் போகிறவர். கோட்டை கட்டுவதற்கு முன்பிருந்தே குடியிருப்பு."

ராஜா தொடையில் தட்டிச் சிரித்தான். "சட்டம் சட்டம்தான்! வில்லவராயரே, தண்ணீருக்கு மாற்று இடம் காட்டும்!"

வில்லவராயரும் சிரித்தபடியே வரைபடத்தை விரித்தார். "கிழக்கே போகட்டுமே."

"கிழக்கே அரண்மனை நெற்களஞ்சியம்," என்றார் சொக்கேசர்.

"நெல் நனைந்தால் நாம் எதைத் தின்பது? வேறு இடம்!" என்றான் ராஜா.

"அப்படியானால் போன வருஷம் போன இடத்துக்கே, கோரைக்காரத் தெருவுக்கே போகட்டும். நாலு குடிசைதானே."

சொக்கேசர் வரைபடத்தின் பக்கம் வந்தார்.

"எதற்கு மன்னா அவ்வளவு தூரம்? தண்ணீருக்குப் பழகிய இடமே இருக்கிறதே, புதுவீதி! கொட்டிய மண்ணை வெட்டி எடுத்துவிட்டால், அவர்பாட்டுக்கு வந்து படுத்துக்கொள்வார்."

"பேஷ்! புதுவீதியையே கொடுத்துவிடலாம்," என்றான் ராஜா விளையாட்டாக. "இந்த மழைக்கே வரட்டும்!"

வில்லவராயரின் முகம் வெளுத்தது. "மன்னா! அங்கே என் வீடு இருக்கிறது! என் பிள்ளைகள் தூங்குகிற வீடு!"

"கோரைக்காரத் தெருவில் செத்தவர்களும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்," என்றார் சொக்கேசர்.

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எத்தனை பேர்?" என்று கேட்டான்.

"ஐந்து பேர் மன்னா. அதில் கோரை அறுக்கிறவள் ஒருத்தியின் மகளுக்கு ஆறு வயது."

"என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை?"

வில்லவராயர் தலையைக் குனிந்துகொண்டார். சொக்கேசரும்தான்.

ராஜா உத்தரவு போட்டான். மீதிச் சதுப்பில் ஒரு பிடி மண் விழக்கூடாது. புதுவீதியில் குடியிருப்பவர்களுக்கு வடக்கு மேட்டில் வீடு கொடுத்துவிட்டு, மழைக்குள் அங்கே கொட்டிய மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டுகிறவர்களோடு வில்லவராயரும் தினமும் சேற்றில் இறங்க வேண்டும். சொக்கேசருக்குத் தன் கழுத்து முத்துமாலையையே கழற்றிப் போட்டான்.

மாலையைக் கழற்றி மடியில் சுருட்டிக்கொண்டு, சொக்கேசர் நேரே கோரைக்காரத் தெருவுக்குப் போனார். மருதாயி தெருவோரச் சதுப்பில், முழங்கால் சேற்றில் நின்று கோரை அறுத்துக்கொண்டிருந்தாள். சபையில் நடந்ததைச் சொன்னார். அவள் அரிவாளை நிறுத்தாமலே கேட்டாள்.

"நல்லாத்தான் பேசியிருக்கீங்க. இந்தப் பேச்ச ஐயா போன வருசம் பேசியிருக்கலாமில்ல?"

"பேசியிருக்கலாம் தாயி. பயந்து முத்திரை குத்திக் கொடுத்துட்டேன்."

அவள் கோரையைக் கட்டிக் கரையில் போட்டுவிட்டு, அடுத்த பிடியை அறுக்கத் தள்ளிப் போய்விட்டாள்.

அந்தக் கார்த்திகையில் முந்தின வருஷத்தைவிடப் பெரிய மழை. மூன்று நாள் விடவில்லை. வந்த தண்ணீரெல்லாம் சதுப்பில் இறங்கி அடங்கியது. அரண்மனையில் மந்திரியின் புத்தியைப் புகழ்ந்து விருந்து நடந்தது. விருந்துக்குரியவர் மட்டும் அங்கே இல்லை. நனைந்துகொண்டே கோரைக்காரத் தெருவுக்கு வந்து நின்றார்.

புருஷனும் மகளும் இல்லாத வீட்டு வாசலில் மருதாயி உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை தெருவுக்குள்ள தண்ணி வரலை தாயி," என்றார்.

"வரலைங்க," என்றாள் அவள். "அவுங்களுந்தான்."